ஐந்தாம் வயது ஊசி

அண்மையில் எங்கள் வகுப்பில் ஒரு கேள்வி எழுந்தது. திருமுழுக்குச் சான்றிதழ் யார் யார் வீட்டில் பத்திரமாக இருக்கிறது? கத்தோலிக்கத் தோழியர் அனைவரும் கையை உயர்த்தினர். இந்துத் தோழியர் சிலர், தங்கள் ஜாதகம் பீரோவில் பூட்டி வைக்கப்பட்டிருப்பதாகக் கூறிச் சிரித்தனர். சரி, குழந்தைப் பருவத்தில் தடுப்பூசி போட்டதைக் குறித்த அட்டை எங்கே? கைகள் தயங்கின. "வீடு மாற்றும்போது தொலைந்துவிட்டது" என்றாள் ஒருத்தி. "அம்மாவைத்தான் கேட்க வேண்டும்" என்றாள் மற்றொருத்தி. நாற்பது பேரில் அட்டையைக் கொண்டுவந்து காட்டியவர்கள் ஒன்பது பேர்தாம்!

அட்டையில் அப்படி என்ன இருக்கிறது? தொண்டை அடைப்பான் எனப்படும் டிப்தீரியாவை மட்டும் எடுத்துக்கொள்வோம். இது ஒரு பாக்டீரியாவால் வருவது. தொண்டையில் சாம்பல் நிறத்தில் தோல் போன்ற ஒரு படலம் படர்ந்து குழந்தையின் மூச்சை அடைக்கும். அதோடு நில்லாமல், அக்கிருமி உண்டாக்கும் நஞ்சு இரத்தத்தில் கலந்து இதயத்தையும் நரம்புகளையும் தாக்கும். செல்வமும் வைத்தியரும் இருந்தால் தப்பிவிடலாம் என்று எண்ண வேண்டாம். விக்டோரியா மகாராணியாரின் மகள் இளவரசி ஆலிஸ் ஜெர்மனியில் வாழ்ந்தவர். 1878ஆம் ஆண்டு நவம்பரில் அவருடைய அரண்மனையில் இந்நோய் புகுந்தது. நான்கு வயதுக் கடைக்குட்டி மாண்டாள். பிள்ளைகளுக்கு இரவு பகலாகப் பணிவிடை செய்த தாயும் டிசம்பர் 14 அன்று, தம் 35ஆம் வயதில், அதே நோய்க்கு இரையானார்.

பின்னர் பெரிங் என்ற ஜெர்மானிய அறிஞர் இந்நஞ்சை முறிக்கும் மருந்தைக் கண்டார். மருத்துவத்துக்கான முதல் நோபல் பரிசு 1901இல் அவருக்கே வழங்கப்பட்டது. 1925இல் அலாஸ்காவின் நோம் என்னும் பனியூருக்கு அம்மருந்தை நாய்கள் பூட்டிய வண்டிகளில், ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல், ஐந்தரை நாளில் கொண்டு சேர்த்த கதையைப் படிக்கையில் மெய் சிலிர்க்கிறது. ஆனால் அந்த மருந்து இரத்தத்தில் திரியும் நஞ்சைத்தான் முறிக்கும். இதயத்துக்குள் புகுந்துவிட்ட நஞ்சை அதனால் திரும்ப அழைக்க இயலாது. ஆகவே, நோய் வரும் முன்னரே காப்பது ஒன்றே வழி. அதற்குத்தான் நஞ்சின் கொடுமையை நீக்கிச் செய்த தடுப்பூசி.

நம் நாட்டில் இத்தடுப்பூசி பிறந்த 6, 10, 14ஆம் வாரங்களில் போடப்படுகிறது. தமிழகத்தில் 2011 டிசம்பர் முதல் ஐந்து நோய்களுக்கும் சேர்த்து ஒரே ஊசியாக இது வருகிறது. கைக்குழந்தையைத் துணியில் சுற்றிக்கொண்டு புதன்கிழமை தோறும் சுகாதார நிலையத்துக்குச் செல்லும் தாய்மாரை நாம் காண்கிறோம். அதுவரை குறையில்லை. ஒன்றரை வயது ஊசியில் சிறிது சோர்வு வருகிறது. ஐந்து வயதிலோ முற்றிலும் மறந்துவிடுகிறார்கள். ஊசியின் காப்பு ஆண்டுகள் செல்லச் செல்லத் தேய்ந்து போகும் என்பது பலருக்குத் தெரியவில்லை.

மறந்தால் என்ன ஆகும்? 1990களில், சோவியத் நாடு சிதறிய காலத்தில், அங்கே தடுப்பூசிப் பணி தளர்ந்தது. ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் நோயுற்றனர். ஏறக்குறைய 5,000 பேர் மடிந்தனர். அது தொலைதூரம் என்போருக்கு, 2016இல் அண்டை மாநிலமான கேரளத்தின் மலப்புரத்தில் நம் வயதுப் பிள்ளைகள் இந்நோயால் உயிரிழந்ததை நினைவூட்டுகிறோம்.

ஊசி போட்ட இரவு காய்ச்சல் வருவது உண்மைதான், மறைக்க வேண்டியதில்லை. "நல்லா விளையாடிக்கிட்டிருந்த பிள்ளைக்கு ஏன் காய்ச்சலை இழுத்து வச்சீங்க?" என்று பாட்டி கோபிப்பதிலும் பாசம் இருக்கிறது. அது பெரும்பாலும் ஓரிரு நாளில் தணிந்துவிடும் காய்ச்சல் என்று பாட்டிக்கு எடுத்துச் சொல்ல வீட்டில் ஒருவர் வேண்டும். அந்த ஒருவர் நாமாக இருக்கலாமே! தம்பி தங்கையரின் அட்டையைப் படிக்க நமக்குத் தெரியும்.

அருட்சகோதரியரிடமும் ஒரு விண்ணப்பம் உண்டு. முதல் வகுப்பில் சேரும் ஐந்து வயதுப் பிள்ளையிடம் பிறப்புச் சான்றிதழ் கேட்கிறோம். திருமுழுக்குச் சான்றிதழும் கேட்கிறோம். அவற்றோடு இந்த அட்டையையும் கேட்டால் என்ன? அட்டை இல்லாத பிள்ளைக்கு இடமில்லை என்று சொல்லலாகாது. அது ஏழைகளைத்தான் தண்டிக்கும். பெயரைக் குறித்துக்கொண்டு, அடுத்த புதன்கிழமை சுகாதார நிலையத்துக்கு அனுப்பி வைத்தால் போதும். கூட்டிச் செல்ல ஆள் இல்லையெனில், மேல் வகுப்பு மாணவியர் நாங்கள் வருகிறோம். எங்களுக்கும் பதினாறு வயது ஊசி பாக்கி இருக்கிறது. சென்ற முறை ஊசி போட நர்ஸ் வந்த அன்று எங்கள் வகுப்பில் எத்தனை பெஞ்சுகள் காலியாக இருந்தன என்பதை இங்கே எழுத வெட்கமாக இருக்கிறது.