விலையில்லாப் பாடப்பொருள் நம் தெருவுக்கு ஏன் வருவதில்லை?

எங்கள் காலனியில் கர்ப்பிணிப் பெண்களுக்குப் பிரசவம் பற்றி வகுப்பு எடுக்க வேண்டும் என்று நர்சிங் படிக்கும் தங்கை ஒருத்தி கிளம்பினாள். இடம் இருந்தது, அம்பேத்கர் மன்றம். வர ஏழு பெண்கள் இருந்தார்கள். இடுப்பெலும்பு மாதிரியும் குழந்தைப் பொம்மையும் வாங்கக் கடைக்குப் போனவள், விலை கேட்டுவிட்டு வெறுங்கையோடு திரும்பினாள். "அக்கா, வசூல் பண்ணிட்டு ரெண்டு மாசம் கழிச்சு நடத்தலாம்" என்றாள். ஏழு பேரில் இரண்டு பேருக்கு அடுத்த மாதமே பிரசவம்.

அவளிடம் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன். வசூல் தேவையில்லை. வேண்டியவற்றில் பெரும்பகுதி ஏற்கெனவே மக்கள் பணத்தில் அச்சாகிக் கிடக்கிறது. நம் தெரு வரைக்கும் அது வராததுதான் பிரச்சினை.

முதல் பாடநூல் அந்தப் பெண்களின் கையிலேயே இருக்கிறது. பதிவு செய்த ஒவ்வொரு கர்ப்பிணிக்கும் தரப்படும் தாய் சேய் பாதுகாப்பு அட்டை. எடை, இரத்த அழுத்தம், ஹீமோகுளோபின், அபாய அறிகுறிகள், பிரசவத்துக்கு முன் செய்துவைக்க வேண்டிய ஏற்பாடுகள் எல்லாம் அதில் உண்டு. ரேஷன் கார்டோடு பிளாஸ்டிக் கவரில் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். எழுதுவது நர்ஸ், படிப்பதும் நர்ஸ். எங்கள் ஏழு பேரில் ஒருவருக்குக்கூட அதில் எழுதியிருந்த எண்களின் பொருளை யாரும் சொன்னதில்லை. ஹீமோகுளோபின் 11-க்குக் கீழே போனால் இரத்தசோகை, 7-க்குக் கீழே போனால் கடுமையான இரத்தசோகை. இரத்த அழுத்தம் 140/90-ஐத் தொட்டால் உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும். அட்டையைக் கையில் கொடுத்து அவரவர் எண்ணை அவரவரே வாசிக்க வைத்தால் முதல் வகுப்பு முடிந்தது.

அடுத்தது சுவரொட்டிகள், படக் கையேடுகள். துணை சுகாதார நிலையத்திலும் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் அங்கன்வாடியிலும் கேளுங்கள். கிராம சுகாதார செவிலியரிடம் நேரில் பேசி, வகுப்புக்கும் அழையுங்கள். அவரும் பெரும்பாலும் வேலைச்சுமையில் திணறுகிறவர்தான், நீங்கள் கூட்டம் சேர்த்துக் கொடுத்தால் மகிழ்ச்சியாக வருவார். தேசிய நலவாழ்வுக் குழுமத்தின் இணையதளத்திலிருந்தும் விளக்கப் படங்களை இறக்கி அச்செடுக்கலாம்.

மூன்றாவது, உலக அளவில் திறந்துவிடப்பட்ட நூல்கள். ஹெஸ்பெரியன் நிறுவனத்தின் மருத்துவச்சிகளுக்கான நூலைக் காசில்லாமல் இறக்கிக்கொள்ளலாம். அதன் கோட்டுப் படங்கள் எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் புரியும். உலக சுகாதார நிறுவனத்தின் அண்மைக்கால வெளியீடுகள் பெரும்பாலும் படைப்பாக்கப் பொதும உரிமத்தில் வருகின்றன. வணிக நோக்கமில்லாமல், மூலத்தைக் குறிப்பிட்டு, அதே உரிமத்தில், "இந்த மொழிபெயர்ப்பு அந்த நிறுவனம் செய்ததல்ல" என்ற குறிப்போடு நாமே தமிழில் கொண்டுவரலாம். மருத்துவம், நர்சிங் படிக்கும் தோழர்கள் ஆளுக்கு நான்கு பக்கம் எடுத்தால் ஒரு விடுமுறையில் முடிகிற வேலை. மருத்துவர் ஒருவர் சரிபார்த்த பிறகே அச்சுக்குப் போக வேண்டும்.

நான்காவது, வீட்டில் கிடப்பவை. ஒரு பலூனுக்குள் பிங்பாங் பந்தைப் போட்டுக் கொஞ்சம் ஊதி, கழுத்தில் பந்து நிற்கும்படி தலைகீழாகப் பிடியுங்கள். பக்கவாட்டில் அழுத்தினால் ஒன்றும் நடக்காது, அது பொய்வலி. மேலிருந்து விட்டுவிட்டு அழுத்துங்கள். பலூனின் கழுத்து மெல்ல மெல்லக் குறுகி, மெலிந்து, திறந்து பந்து வெளியே வரும். கருப்பை வாய் திறப்பது இப்படித்தான். அரசுப் பள்ளியில் விலையில்லாமல் கொடுத்த ஜியோமெட்ரி பாக்ஸ் இருக்கிறதல்லவா? அந்தக் காம்பஸால் அட்டையில் ஒரு சென்டிமீட்டரிலிருந்து பத்து சென்டிமீட்டர் வரை விட்டமுள்ள பத்து வட்டங்களை வெட்டுங்கள். லேபர் வார்டில் "நாலு சென்டி", "எட்டு சென்டி" என்று சொல்வது என்னவென்று அந்த அட்டைகள் சொல்லிவிடும்.

காசில்லாமல் வருவதையெல்லாம் வாங்கிக்கொள்ளவும் கூடாது. பால்மாவு, பால்புட்டி விற்கிறவர்கள் தாய்மார்களுக்கு மாதிரியும் பரிசும் தருவதை 1992-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. அப்படிப்பட்டவர்களின் பையும் காலண்டரும் நம் வகுப்புக்கு வேண்டாம். மருத்துவமனையே வேண்டாம் என்று சொல்லும் காணொளிகளும் வேண்டாம். 2018-இல் திருப்பூரில் காணொளியை நம்பி வீட்டிலேயே பிரசவம் பார்த்த ஒரு பெண் இரத்தப்போக்கில் உயிரிழந்ததை மறக்காதீர்கள்.

இனி, இதையெல்லாம் நாமே தேடி அலைய வேண்டியிருப்பது ஏன் என்ற கேள்விக்கு வருவோம். அங்கன்வாடி பெரும்பாலும் ஊருக்குள் இருக்கிறது. கூட்டம் நடப்பதும் ஊர்த் தெருவில். நம் பெண்கள் ஓரமாக நின்றுவிட்டுத் திரும்புகிறார்கள். பிள்ளைப்பேற்றைத் தீட்டு என்று ஒதுக்கி, அந்த வேலையை நாவிதர் குலப் பெண்கள் மீதும் பல இடங்களில் தலித் பெண்கள் மீதும் சுமத்திய சமூகம் இது. தொப்புள்கொடி அறுத்த அந்தப் பாட்டிகளின் பேத்திகள்தான் இன்று பிரசவ அறையில் "படுக்கத் தெரிஞ்சுதுல்ல, இப்ப எதுக்குக் கத்துற?" என்ற ஏச்சைக் கேட்கிறார்கள். என்ன நடக்கிறது என்று தெரியாதவளை ஏசுவது எளிது. அதனால்தான் இந்த வகுப்பை நான் உரிமைப் போராட்டத்தின் ஒரு பகுதி என்கிறேன்.

நாம் கேட்பதை "ஓசி" என்று ஏளனம் செய்பவர்களுக்கு ஒரு வரலாறு சொல்லுங்கள். 1928-இல் பம்பாய் சட்டமன்றத்தில் பேறுகால நல மசோதாவை ஆதரித்துப் பேசியவர் பாபாசாகேப். பிரசவத்துக்கு முன்னும் பின்னும் தாய்க்கு ஓய்வு கிடைப்பது நாட்டின் நலன், அந்தச் சுமையில் அரசுக்கும் பங்குண்டு என்பது அவர் வாதம். மறு ஆண்டு அந்தச் சட்டம் வந்தது. அந்த வாதத்தின் தொடர்ச்சியாகவே நம் கோரிக்கையையும் நான் பார்க்கிறேன்.

ஆகவே கேட்கும் இடத்தில் கேளுங்கள். கிராம சுகாதாரக் குழுவுக்கு ஆண்டுக்கு 10,000 ரூபாய் வரை கட்டற்ற நிதி உண்டு. அது எதற்குச் செலவானது, காலனியில் எத்தனை கூட்டம் நடந்தது என்று கிராம சபையில் எழுந்து கேளுங்கள். பதில் வராவிட்டால் பத்து ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமை மனு இருக்கிறது. நாமே பலூன் ஊதிக்கொள்கிறோம் என்பதற்காக அரசு தன் கடமையிலிருந்து நழுவிவிடக் கூடாது.

எங்கள் வகுப்பு அடுத்த ஞாயிறே நடந்தது. மூன்று வாரம் கழித்து அந்த ஏழு பேரில் ஒருத்தி அரசு மருத்துவமனையில் பிரசவித்தாள். வலி நடுவில் "சிஸ்டர், எத்தனை சென்டி திறந்திருக்கு?" என்று கேட்டாளாம். சிஸ்டர் ஒரு கணம் நிமிர்ந்து பார்த்துவிட்டு, "ஆறும்மா, நல்லாப் போகுது" என்றாராம். முந்தைய பிரசவத்தில் தன்னிடம் யாரும் எதையும் சொல்லவில்லை என்று வீட்டுக்கு வந்து சொன்னாள்.

உங்கள் தெருவில் எத்தனை பேர் கர்ப்பமாக இருக்கிறார்கள் என்று இந்த வாரம் கேட்டுப் பாருங்கள். அவர்கள் அட்டையை வாங்கிப் பாருங்கள். அங்கிருந்து தொடங்கலாம்.

ஜெய் பீம்.