நெஞ்சின் நோய்க்கு நாணம் ஏன்?

காலில் முள் தைத்தால் பிடுங்கி எறிகிறோம். கண் மங்கினால் கண்ணாடி அணிகிறோம். ஆனால், நெஞ்சிலே கலக்கம் குடிபுகுந்து, இரவெல்லாம் துயிலின்றி, பகலெல்லாம் அமைதியின்றி ஒருவர் நலிந்தால் மட்டும், "வெளியே சொல்லாதே!" என்று வாயைப் பொத்துகிறோம். விந்தையான நீதியல்லவா இது, தோழர்களே?

மேடையிலே பேச்சாளர் முழங்குகிறார்: "மாற்றுக் கட்சித் தலைவரைக் கீழ்ப்பாக்கத்துக்கு அனுப்புங்கள்!" கையொலி அதிர்கிறது; சிரிப்பு வெடிக்கிறது. கூட்டத்தின் ஓரத்திலே, காலையில் கொடி கட்டிய தோழர் நிற்கிறார். கடன் ஒருபுறம், கட்சிப்பணி மறுபுறம், வீட்டுக் கவலை வேறொருபுறம். திடீரென நெஞ்சு படபடக்கிறது, உள்ளங்கை வியர்க்கிறது, மூச்சு முட்டுகிறது. நாளை யாரிடமேனும் சொல்லலாம் என்றிருந்தவர், அந்தச் சிரிப்பொலி கேட்டதும் வாய்மூடிக்கொள்கிறார். மாற்றார்மீது எறிந்த கல், நம் தோழரின் நெற்றியையன்றோ பிளந்தது!

கீழ்ப்பாக்கம் என்ன, பழிச்சொல்லா? 1794-இல் தோன்றிய காப்பகத்தின் வழிவந்த மருத்துவமனை அங்கே இருக்கிறது. மருத்துவமனையின் பெயரை வசைமொழியாக்குவது வீரமாகுமா? உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, 2019-இல் பதற்ற நோயால் வாடியோர் 30 கோடிக்கும் மேல். அத்தனை பேரையுமா நகைப்பது?

உளவியலரிடம் சென்றால் என்ன நிகழும்? கட்டிப்போடுவாரோ? மயக்க ஊசி போடுவாரோ? இல்லை! மருந்து தருவது மனநல மருத்துவர் பணி. உளவியலர் உட்கார வைத்துக் கேட்பார்: "படபடப்பு எப்போது வருகிறது? அப்போது என்ன எண்ணம் எழுகிறது?" அந்த எண்ணத்துக்குச் சான்று உண்டா என்று நிறுத்துப் பார்க்கக் கற்பிப்பார், அஞ்சி ஒதுங்கிய இடத்துக்குப் படிப்படியாகச் செல்லப் பயிற்றுவார். அமெரிக்க மருத்துவர் ஆரன் பெக் 1960-களில் வகுத்த முறையிலிருந்து வளர்ந்த வழி இது. மாயமன்று, மந்திரமன்று, அறிவின் வழி! மாற்றாரின் கூற்றுக்கெல்லாம் சான்று கேட்கும் நாம், நம் நெஞ்சம் உரைக்கும் பொய்யை மட்டும் சான்று கேளாமல் நம்பலாமா? தைராய்டுக் கோளாறாலும் படபடப்பு வரக்கூடும். ஆதலால் உடலையும் மருத்துவரிடம் காட்டிவிடுவதே முறை.

"வறுமை வாட்டும்போது பேச்சு என்ன செய்யும்?" என்பீர்கள். உளவியலர் உங்கள் கடனை அடைக்கமாட்டார்தாம். ஆனால், கடனோடு போராட வேண்டிய கையின் நடுக்கத்தைத் தணிக்கத் துணை நிற்பார். நடுங்கும் கை, எந்தப் போரிலே வாளேந்தும்?

மக்களின் அச்சத்துக்கும் காரணம் உண்டு. ஏர்வாடியிலே 2001 ஆகஸ்ட் 6 அன்று காப்பகமொன்று தீப்பற்றியபோது, சங்கிலியால் பிணைக்கப்பட்டு, தப்ப வழியின்றி 28 பேர் மாண்டனர். நாடு நடுங்கிற்று. 2017-இல் இயற்றப்பெற்று மறு ஆண்டு நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம், சங்கிலியிடுவதைத் தடைசெய்தது. மனநலச் சிகிச்சை பெறுவது ஒவ்வொருவரின் உரிமை என்றது. இரும்புச் சங்கிலியைச் சட்டம் தடுத்தது. வெட்கமென்னும் சங்கிலியை யார் அறுப்பது?

நாம்தான் அறுக்க வேண்டும்! மேடையிலே அந்த வசைமொழி இனி ஒலிக்க வேண்டாம். அது தரும் கையொலியும் வேண்டாம். "உறக்கமில்லை" என்று தோழர் ஒருவர் முணுமுணுத்தால், "துணிவாயிரு" என்று தட்டிக் கழிக்காதீர்கள். "வா, நானும் வருகிறேன்" என்று மருத்துவமனைக்கு உடன் செல்லுங்கள். அதுவும் இயலாதெனில், 14416 என்ற எண்ணைக் குறித்துக் கொடுங்கள். 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் பணி அது. கட்டணமில்லை, இரவு பகல் என்ற வேறுபாடில்லை.

தோழரின் வீட்டிலே தீ என்றால் குடத்தோடு ஓடுவோம். நெஞ்சிலே தீ என்றால் மட்டும், நின்று வேடிக்கை பார்ப்போமா?