யாருக்கு எதிரான வண்டி?

இரண்டு உலகப் போர்களுக்கும் இடையே இருந்ததாக ஒரு படையைக் கற்பனை செய்து, அதற்குக் கவச மோட்டார் வரைந்து பார்ப்பது நம் இளைஞர் சிலருக்குப் பிடித்த பொழுதுபோக்கு. வீண் வேலை என்று நான் சொல்ல மாட்டேன். எடை, எஞ்சின், சாலை, பாலம் எல்லாவற்றையும் கணக்குப் பார்க்கப் பழக்கும் நல்ல பயிற்சி அது. ஆனால் தகட்டின் கனத்தையும் துப்பாக்கியையும் முதலில் முடிவு செய்கிறார்களே, அதில்தான் எனக்கு உடன்பாடில்லை.

1923 முதல் இந்தியாவுக்கென்றே விக்கர்ஸ் நிறுவனம் கட்டிய கிராஸ்லி வண்டியைப் பாருங்கள். தோட்டா வழுக்கிப் போகக் கவிழ்த்த கிண்ணம் போன்ற மேல்கூண்டு. நாற்புறமும் சுட நான்கு துளைகள். பஞ்சர் ஆகாத கெட்டி ரப்பர் சக்கரங்கள். வெயிலுக்காக உட்புறம் கல்நார் உறை. கெட்டிக்கார வேலைதான். கூடவே, கூட்டம் நெருங்காதிருக்க வெளித்தகட்டில் மின்சாரம் பாய்ச்சும் ஏற்பாடும் உண்டு. அந்தக் கூட்டம் யார்? நம் பாட்டன் பாட்டிமார்தாம்!

1919 ஏப்ரல் 13 அன்று ஜெனரல் டயர் ஜாலியன்வாலா பாகுக்கு இரண்டு கவச வண்டிகளோடு வந்தார். சந்து குறுகல், வண்டிகள் வெளியே நின்றுவிட்டன. உள்ளே போயிருந்தால் இயந்திரத் துப்பாக்கிகளையும் அநேகமாகப் பயன்படுத்தியிருப்பேன் என்ற பொருள்பட ஹண்டர் விசாரணைக் குழுவிடம் அவரே பின்னர் கூறினார். வரைபடத்தில் அகலம் வெறும் எண். அன்று அந்த எண்ணால் பல உயிர்கள் தப்பின.

ஆகவே, கற்பனைப் படைக்கு வண்டி வரையும் தம்பிமார், அது யாரைச் சுடப் போகிறது என்று தாளின் தலைப்பில் முதலில் எழுதட்டும். தகடும் எஞ்சினும் பிறகு வரட்டும்.