பல் எடுத்தவனுக்கு எத்தனை நாள் விடுப்பு?

சென்ற ஆண்டு எங்கள் கல்லூரியில் பௌதிகச் செய்முறைத் தேர்வு. முதலாண்டு மாணவன் ஒருவன் என் கேள்விகளுக்கு வாயைத் திறக்காமலே ஏதோ முணுமுணுத்தான். "சத்தமாச் சொல்லுப்பா!" என்று அதட்டினேன். அவன் வீங்கிய கன்னத்தைத் தொட்டுக் காட்டினான். இரண்டு நாள் முன்புதான் சேலத்தில் ஞானப்பல் எடுத்திருக்கிறான். கல்லூரி கொடுத்த விடுப்போ ஒரே நாள். எனக்கு வெட்கமாகிவிட்டது.

மாணவர்களே, ஞானப்பல் 17 வயதுக்கு மேல் முளைப்பது. தாடையில் இடம் போதாதபோது அது சாய்ந்தோ படுத்தோ கிடக்கும். ஈறைக் கீறி, சில சமயம் எலும்பையும் சிறிது நீக்கித்தான் எடுக்க வேண்டும். எடுப்பதற்குப் பெரும்பாலும் ஒரு மணி நேரம்கூட ஆகாது. ஆனால் வீக்கம் உச்சத்தை அடைவது இரண்டாம், மூன்றாம் நாளில்! தாடைத் தசைகள் இறுகி வாய் திறவாது. ஒரு நாள் விடுப்புக் கொடுப்பவர்கள், மிக மோசமான நாளில் அவனை வகுப்புக்கு அழைக்கிறார்கள்.

"வலியெல்லாம் மனத்தைப் பொறுத்தது, அதை எப்படி அளப்பது?" என்று கேட்கலாம். அளக்கிறார்கள். 10 சென்டிமீட்டர் நீளத்துக்கு ஒரு கோடு. இடது முனை வலியே இல்லை. வலது முனை தாங்க முடியாத வலி. நோயாளி கோட்டில் ஓரிடத்தில் குறியிடுவார். மருத்துவர் அளவுகோலால் அளப்பார். 1974இல் ஹஸ்கிஸன் என்ற மருத்துவர் லான்செட் இதழில் இம்முறையைப் பற்றி எழுதினார். என் 60 மில்லிமீட்டரும் உங்கள் 60 மில்லிமீட்டரும் ஒன்றல்ல என்பது உண்மையே. ஆனால் ஒரே ஆளின் திங்கட்கிழமைக் குறியையும் வியாழக்கிழமைக் குறியையும் ஒப்பிடலாம் அல்லவா? எண் பொறிக்காத வெப்பமானிகூட ஏற்ற இறக்கத்தைக் காட்டுமே!

வாய் திறப்பை அளப்பது இன்னும் எளிது. மேல், கீழ் முன்பற்களின் இடைவெளி பெரும்பாலோருக்கு 40 மில்லிமீட்டர் அளவில் இருக்கும். இவை தவிர, ஆஸ்திரேலியாவில் ஸ்லேட், ஸ்பென்சர் இருவரும் 1994இல் 49 கேள்விகள் கொண்ட பட்டியலை வெளியிட்டனர். ஸ்லேட் 1997இல் அதை 14 ஆகச் சுருக்கினார். சொற்களை உச்சரிக்க முடிகிறதா, சாப்பாட்டைப் பாதியில் நிறுத்த நேர்ந்ததா, பிறர் முன் கூச்சமாக இருந்ததா, வழக்கமான வேலை கெட்டதா என்று அவை கேட்கின்றன. புண் ஆறிவிட்டதா என்பதோடு இவற்றையும் கேட்பதே முறை என்பது என் கருத்து.

புதிய வலி மாத்திரைகளின் திறனைப் பல சமயம் சோதிப்பது ஞானப்பல் எடுத்த இளைஞர்களிடம்தான். ஆராய்ச்சியாளர் மெய்யென்று ஏற்ற வலியை நம் வருகைப் பதிவேடு ஏற்க மறுக்கிறது!

நம் நாமக்கல், ராசிபுரம் பக்கம் விடுதிப் பள்ளிகள் ஏராளம். பிளஸ் டூ மாணவனுக்குப் பல் எடுத்தால் அன்று இரவே காரக்குழம்புச் சோறுதான். முட்டைக்குப் பேர்போன ஊரில், ஒரு வாரத்துக்கு ஆறிய கஞ்சியும் மிளகில்லாத கலக்கியும் கொடுக்கக் கூடாதா? பார்க்க வரும் உறவினர்கள் அன்போடு இளநீர் வாங்கித் தருவார்கள். குடிக்கலாம், ஸ்ட்ரா மட்டும் வேண்டாம். உறிஞ்சும்போது வாய்க்குள் அழுத்தம் குறைகிறது; இளநீரை மேலேற்றும் அதே அழுத்த வேறுபாடு, பல் இருந்த குழியை மூடியுள்ள உறைந்த இரத்தத்தையும் பெயர்த்துவிடக் கூடும். அப்போது எலும்பு வெளியே தெரியும். குறைய வேண்டிய வலி மூன்றாம், நான்காம் நாளில் ஏறும்.

ஆகவே பல் எடுத்தவர் தினமும் இரவில் நோட்டில் அந்தக் கோட்டை வரைந்து குறியிடட்டும். குறி வலப்பக்கம் நகர்ந்தால் உடனே மருத்துவரிடம் ஓட வேண்டும். பள்ளியும் கல்லூரியும் அந்த வாரம் வாய்மொழித் தேர்வைத் தள்ளி வைக்கட்டும்.

அந்த மாணவனுக்குக் கேள்விகளைத் தாளில் எழுதிக் கொடுத்தேன். அவனும் எழுதியே விடை தந்தான். ஒரு கேள்விக்கு மட்டும் விடை இல்லை. அதற்குப் பல் காரணமில்லை என்று அவனே ஒப்புக்கொண்டான்.