மோல் கணக்கு யாருக்கு வராது?

"இது நமக்கு வராதுண்ணே."

மயிலாடியில் நாங்கள் நடத்தும் மாலை வகுப்பில் பதினோராம் வகுப்பு மாணவன் ஒருவன் இப்படிச் சொல்லிவிட்டு நோட்டை மூடினான். கரும்பலகையில் இருந்தது ஒரு சின்னக் கணக்கு. 8 கிராம் ஹைட்ரஜனும் 32 கிராம் ஆக்சிஜனும் சேர்ந்தால் எவ்வளவு தண்ணீர் கிடைக்கும், எது மிச்சமாகும்? பாடநூல் இதற்கு 'வேதி வினைக்கூறு விகிதம்' என்று பெயர் வைத்திருக்கிறது. பிள்ளைகள் மோல் கணக்கு என்கிறார்கள்.

'எனக்கு வராது' என்று சொல்லியிருந்தால் இன்னொரு முறை விளக்கிவிட்டு நகர்ந்திருப்பேன். அவன் 'நமக்கு' என்றான். அந்த வகுப்பில் இருப்பவர்கள் பெரும்பாலும் எங்கள் தெருப் பிள்ளைகள், பட்டியல் சாதிப் பிள்ளைகள். பதினாறு வயதுப் பையன் ஒரு கணக்கைப் பார்த்ததும் தன் தெரு முழுவதையும் சேர்த்துத் தோற்றுப்போனதாக எண்ணுகிறான் என்றால், அந்த எண்ணத்தை அவனுக்கு வேதியியல் தரவில்லை.

எனக்கும் அது பழக்கமான குரல்தான். பத்தாம் வகுப்பு முடித்துவிட்டு ஃபர்ஸ்ட் குரூப் கேட்டு நின்றபோது, "ஒனக்கு எதுக்குடே இந்தக் கஷ்டம்? கெமிஸ்ட்ரி எல்லாம் ஒங்களுக்கு ஒத்துவராது" என்றார் ஓர் ஆசிரியர். திட்டவில்லை, அக்கறையாகத்தான் சொன்னார். ஒருமையில் ஆரம்பித்துப் பன்மையில் முடித்தார். இன்றைக்கும் எத்தனையோ பள்ளிகளில் குரூப் பிரிக்கும் நாளில் இந்த அக்கறை வேலை செய்கிறது. சாதிப் பெயர் சொல்ல வேண்டிய தேவையே இல்லை. 'ஒத்துவராது' என்ற சொல் போதும்.

சரி, அந்தக் கணக்குக்கு வருவோம். நோட்டை மூடிய பையன் சனி, ஞாயிறுகளில் கொத்தனாருக்குக் கையாளாகப் போகிறவன். அவனிடம் கேட்டேன்: "காங்கிரீட்டுக்கு என்ன கணக்கு மக்களே?"

"ஒண்ணுக்கு ரெண்டு, நாலு."

"சிமெண்ட் மூணு சட்டி, மணல் பத்து சட்டி, மெட்டல் இருபது சட்டி கெடக்கு. எவ்வளவு போடலாம்?"

அவன் யோசிக்கவே இல்லை. "மூணு சிமெண்டுக்கு ஆறு மணல், பன்னெண்டு மெட்டல். நாலு சட்டி மணலும் எட்டு சட்டி மெட்டலும் மிச்சம். சிமெண்ட் தீந்தா வேலை நிக்கும்."

எது முதலில் தீர்ந்து வேலையை நிறுத்துகிறதோ, அதற்குத்தான் பாடநூலில் 'வினைக்கட்டுப்பாட்டுக் காரணி' என்று பெயர். 'நமக்கு வராது' என்று சொன்னவன் அந்தக் கணக்கை மனதுக்குள்ளேயே போட்டுவிட்டான்.

வேதியியலில் ஒரே ஒரு படி கூடுதல். கொத்தனார் சட்டியால் அளக்கிறார். வேதிச் சமன்பாடு எண்ணிக்கையால் அளக்கிறது. இரண்டு ஹைட்ரஜன் மூலக்கூறுக்கு ஓர் ஆக்சிஜன் மூலக்கூறு. ஆனால் நம் கையில் இருப்பது தராசு. மூலக்கூறை எண்ண முடியாது, எடைதான் போட முடியும். பிள்ளைகள் தடுமாறும் இடம் இதுதான். 'இரண்டுக்கு ஒன்று' என்பதை 2 கிராமுக்கு 1 கிராம் என்று எடுத்துக்கொள்கிறார்கள்.

இதற்கும் வழி இருக்கிறது. ஒரு மூட்டை பத்து ரூபாய் நாணயத்தை ஒவ்வொன்றாக எண்ண வேண்டாம். ஒரு நாணயம் 7.71 கிராம் என்று தெரிந்தால் தராசு போதும். 771 கிராம் இருந்தால் நூறு நாணயம். மோல் செய்வதும் அதையேதான். 2 கிராம் ஹைட்ரஜனிலும் 32 கிராம் ஆக்சிஜனிலும் ஒரே எண்ணிக்கையில் மூலக்கூறுகள் இருக்கின்றன. அந்த எண்ணிக்கைக்குப் பெயர் ஒரு மோல். இப்போது கரும்பலகைக் கணக்கைப் பாருங்கள். 8 கிராம் ஹைட்ரஜன் 4 மோல், 32 கிராம் ஆக்சிஜன் 1 மோல். ஒரு மோல் ஆக்சிஜனுக்கு இரண்டு மோல் ஹைட்ரஜன்தான் செலவாகும். 36 கிராம் தண்ணீர் கிடைக்கும், 4 கிராம் ஹைட்ரஜன் மிஞ்சும். எடையில் பெரியதாக இருந்த ஆக்சிஜன்தான் முதலில் தீர்ந்துபோகிறது.

இதில் தடுமாறுவது அவமானம் இல்லை. வேதி வினைகளை அளவிடும் இந்தக் கலைக்கு ஜெர்மானியரான ரிக்டர் பெயர் வைத்தது 1792இல். அணுக் கோட்பாட்டைத் தன் நூலில் ஜான் டால்டன் விளக்கியது 1808இல். அந்த டால்டனே தண்ணீரில் ஒரு ஹைட்ரஜனும் ஓர் ஆக்சிஜனும் இருப்பதாகத் தவறாக நினைத்தார். அவகாட்ரோ 1811இல் சொன்ன திருத்தத்தை அறிஞர்கள் ஏறத்தாழ அரை நூற்றாண்டு பொருட்படுத்தவில்லை. 1860இல் கார்ல்ஸ்ரூ மாநாட்டில் கன்னிசாரோ எடுத்துச் சொன்ன பிறகே குழப்பம் தீரத் தொடங்கியது. ஐரோப்பாவின் பெரிய மூளைகள் ஐம்பது ஆண்டு எடுத்துக்கொண்ட விஷயத்துக்கு நம் பிள்ளைகளுக்குக் கிடைப்பது சில வாரங்கள். அதற்குள் பிடிபடாவிட்டால் அது பிறப்பின் குறையாகிவிடுகிறது.

டால்டன் ஒரு நெசவாளியின் மகன். குவேக்கர் என்பதால் ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் பட்டங்கள் அவருக்கு மூடியிருந்தன. அது சாதி இல்லை, ஆனால் கதவை அடைத்து வைத்துவிட்டு உள்ளே இருப்பவர்களைத் திறமைசாலிகள் என்று அழைக்கும் வழக்கம் அங்கேயும் இருந்தது. இங்கே அம்பேத்கர் மும்பை எல்பின்ஸ்டன் பள்ளியில் கணக்குப் போடக் கரும்பலகைக்கு அழைக்கப்பட்டபோது, பலகைக்குப் பின்னால் வைத்திருந்த சாப்பாட்டுப் பாத்திரங்கள் தீட்டாகிவிடும் என்று சக மாணவர்கள் பாய்ந்து எடுத்ததை அவரது வாழ்க்கை வரலாறு பதிவு செய்திருக்கிறது. சமஸ்கிருதம் படிக்க விரும்பியவரைப் பாரசீகம் படிக்க வைத்தார்கள். அன்றைய குரூப் பிரிப்பு அது.

மயிலாடிக்கும் இதில் ஒரு வரலாறு உண்டு. தாழ்த்தப்பட்ட சாம்பவர் சமூகத்தைச் சேர்ந்த மகராசன் வேதமாணிக்கம்தான் ரிங்கல்தௌபே என்ற மிஷனரியை இங்கே வரவழைத்தவர். 1806இல் ரிங்கல்தௌபே வந்தார். 1809 வாக்கில் ஆலயமும் பள்ளியும் எழுந்தன. பொதுத் தெருவில் நடக்கக்கூட அனுமதிக்கப்படாதவர்களும் கூலியில்லா ஊழியம் செய்தவர்களும் நிறைந்த திருவிதாங்கூரில், டால்டனின் நூல் வந்த அதே காலத்தில், நம் முன்னோர் எழுத்தைத் தேடிப் போனார்கள். படிப்பு நமக்கு வராது என்று அவர்களிடமும் ஊர் சொல்லியிருக்கும். அவர்கள் கேட்கவில்லை. இருநூறு ஆண்டுகள் கழித்து அவர்களின் பேரப்பிள்ளைகள் மோல் கணக்கின் முன்னால் நோட்டை மூடலாமா?

இங்கே ஒரு கேள்வி வரும். கையாள் வேலையையும் கொத்து வேலையையும் உதாரணம் காட்டிப் பாடம் நடத்துவது குலக்கல்வியில் கொண்டுபோய் விடாதா? நியாயமான பயம். 1953இல் ராஜாஜி கொண்டுவந்த திட்டம் பிள்ளையை அரை நாள் பள்ளியிலிருந்து அப்பன் தொழிலுக்கு அனுப்பியது. பெரியாரும் திராவிட இயக்கமும் எதிர்த்து நின்றார்கள், 1954இல் காமராசர் ஆட்சி அதைக் கைவிட்டது. நாங்கள் செய்வது நேர் எதிர்த் திசையில். தொழிலில் கிடைத்த அறிவை வகுப்பறைக்குள் கொண்டுவந்து, அதன்மீது கால் வைத்து ஏறச் சொல்கிறோம். மயிலாடிக் கல்பட்டறைகளில் முக நீளத்தை ஒரு தாளமாக வைத்து முழு உருவத்தையும் கணக்கிடுகிறார்கள். விகிதம் எல்லார் வீட்டிலும் இருக்கிறது. சிலருடைய விகிதத்தைக் கலை என்கிறோம், சிலருடையதைக் கூலி வேலை என்கிறோம்.

அடுத்த வாரம் இன்னொரு கணக்கு கொடுத்தேன். பாடநூலில் பார்த்ததில்லை, நாமே போட்டது. ஒரு மலக்குழி. கழிவை உறிஞ்சிய பிறகு உள்ளே 6,000 லிட்டர் வெற்றிடம். அந்தக் காற்றில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஹைட்ரஜன் சல்பைடு இருந்தால் அதன் எடை எவ்வளவு?

ஆயிரத்தில் ஒரு பங்கு என்றால் 6 லிட்டர். நம் ஊர் வெப்பநிலையில் ஒரு மோல் வாயு சுமார் 24 லிட்டர் பிடிக்கும். ஆக, கால் மோல். ஹைட்ரஜன் சல்பைடின் மோலார் நிறை 34 கிராம். விடை எட்டரை கிராம். ஒரு பத்து ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் கூடுதல்.

அந்த அளவு வாயு கலந்த காற்றில் இறங்குகிறவர் ஓரிரு மூச்சிலேயே நினைவிழந்து விழுவார். அழுகிய முட்டை நாற்றம் எச்சரிக்கும் என்று நம்பவும் முடியாது; இதில் பத்தில் ஒரு பங்கு அளவிலேயே இந்த வாயு மோப்ப உணர்வை மரத்துப்போக வைத்துவிடும். விழுந்தவரைத் தூக்க இறங்குகிறவரும் விழுவது அதனால்தான்.

வகுப்பு அமைதியாகிவிட்டது. ஒரு மாணவி கேட்டாள்: "இது கெமிஸ்ட்ரி படிச்சவங்களுக்குத் தெரியும்தானேண்ணே? பொறவு ஏன் எறக்குதாவ?"

மனிதக் கழிவை மனிதர் அகற்றுவதைத் தடைசெய்யும் சட்டம் 2013இல் வந்தது. 1993க்குப் பிறகு இப்படி இறந்தவர்களின் குடும்பங்களுக்குத் தலா 10 லட்சம் ரூபாய் தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2014இல் சொன்னது. 2023இல் அந்தத் தொகையை 30 லட்சமாக உயர்த்தியது. சாவுகள் நிற்கவில்லை. ஒன்றிய அரசின் கணக்குகளில் தமிழ்நாடு முன்வரிசையில் இருக்கிறது. வாயுவின் அளவு தெரிந்த பொறியாளர்களும் ஒப்பந்தக்காரர்களும் அதிகாரிகளும் இருக்கும் நாட்டில்தான் இது நடக்கிறது. இறங்கியவர்கள் வேதியியல் தெரியாததால் செத்தார்கள் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. யாரை இறக்கலாம் என்பதைச் சாதி முன்பே முடிவு செய்துவிட்டதால் செத்தார்கள்.

அப்படியானால் நம் பிள்ளைகள் ஏன் இந்தக் கணக்கைக் கற்க வேண்டும்? மருத்துவக் கல்லூரிக்கும் பொறியியலுக்கும் போவதற்காக, நிச்சயமாக. அதோடு, 'விபத்து' என்று எழுதப்படும் அறிக்கையைப் படித்துவிட்டு, எட்டரை கிராமைக் கணக்கிட்டுக் காட்டி, இது தெரிந்தே நடந்தது என்று சொல்லும் ஆட்கள் நம்மிடையே வேண்டும் என்பதற்காகவும்.

கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணை வைத்து அறிவியல் குரூப்பிலிருந்து பிள்ளைகளைத் திருப்பி அனுப்புவதைப் பள்ளிகள் நிறுத்த வேண்டும். பதினோராம் வகுப்பின் முதல் சில வாரங்களில் விகிதமும் பின்னமும் அடிப்படையிலிருந்து மறுபடி சொல்லித்தர வேண்டும். தமிழ்வழியில் வந்த பிள்ளைக்கு மோலைத் தமிழிலேயே விளக்க வேண்டும். மலக்குழிக் கணக்கு பாடநூலில் இடம்பெற வேண்டும்.

அரசு செய்யும்வரை காத்திருக்கவும் வேண்டாம். இதை வாசிக்கும் உங்களில் பலர் அறிவியல் படித்தவர்கள். உங்கள் ஊரில் வாரம் இரண்டு மாலை, ஒரு கரும்பலகை, நான்கு பிள்ளைகள் போதும். எங்கள் வகுப்பில் நோட்டை மூடியவன் இப்போது ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு விகிதம் சொல்லித்தருகிறான். "ஒண்ணுக்கு ரெண்டு, நாலு" என்றுதான் தொடங்குகிறான்.