கருவி வரட்டும் என்று காத்திருந்தால் மரம் இருக்காது

காங்கேசன்துறைப் பக்கத்துத் தாவரங்களின் மகரந்தமணிகளைச் சேகரித்து வைப்போம் என்று நாங்கள் சொன்னால் வாற பதில் ஒன்றுதான்: "அதுக்கு இலத்திரன் நுணுக்குக்காட்டி வேணும் தம்பி, எங்களிட்ட எங்க இருக்கு?" கேட்டுக் கேட்டுக் காது புளிச்சுப் போச்சு. இது பதில் இல்லை, சாக்கு.

கருவிக்கு முன்னால் எவ்வளவு வேலை இருக்கிறது என்று பாருங்கள். பூ விரியும் தறுவாயில் மகரந்தக்கூட்டை எடுக்கவேண்டும். பக்கத்துப் பூவின் மணி கலக்காமல் தனித்தனிக் கடதாசிப் பையில் உலரவிட்டு, எந்தக் காணி, எந்தத் திகதி என்று எழுதவேண்டும். (பெண்பனையில் மகரந்தம் தேடி ஏறுபவர்களுக்கு எங்கள் அனுதாபம்.) பிறகுதான் ஆய்வுகூடம். மெல்லிய சுவருள்ள மணி சும்மா காய்ந்தால் சுருங்கிவிடும். அதனால் செறிவைக் கூட்டிக் கூட்டி எதனோலில் ஊறவைத்து நீரை அகற்றி, திரவக் காபனீரொட்சைட்டைக் கொண்டு உலர்த்துவார்கள். தடித்த சுவர் என்றால் வெறுங்காற்றில் காய்ந்தாலும் பல நேரம் தாங்கும். உள்ளிருப்பதை நீக்கிச் சுவரை மட்டும் பார்க்கவேணுமென்றால் அசற்றிக் அன்ஐதரைட்டும் சல்பூரிக்கமிலமும் 9க்கு 1. சுவீடன்காரர் குன்னார் எர்ட்மனின் முறை இது. தண்ணீர் பட்டால் சீறும், வீட்டில் விளையாடுற சாமான் இல்லை. கடைசியில் சிறிய உலோகத் தட்டில் ஒட்டி, 10, 20 நனோமீற்றர் தடிப்பில் தங்கம் பூசுவார்கள். பூசாவிட்டால் இலத்திரன்கள் மேற்பரப்பில் தேங்கிப் படம் வெளிறிப்போகும்.

உலர்ந்த மணி வருடக்கணக்கில் பொறுத்திருக்கும். கருவி எங்கே இருக்கிறதோ அங்கே தபாலில் போகும். மரம் பொறுக்காது. 1990 இல் சனம் இடம்பெயர்ந்த வலிகாமம் வடக்கில் காணிகள் துண்டு துண்டாகத்தான் விடுபடுகின்றன. விடுபட்ட கையோடு பெக்கோ இறங்குகிறது. வீடு கட்டவந்த சனத்தை நாங்கள் குறை சொல்லமாட்டோம், அவர்கள் காத்திருந்தது காணும். ஆனால் உயிரியல் படிப்பிக்கிறவர்களும் படிக்கிறவர்களும் பெக்கோவுக்கு முன்னால் ஒரு கடதாசிப் பையோடு போக என்ன தடை?

ஹோட்டன் சமவெளியின் பழைய படிவில் கிடந்த மகரந்தத்தைக் கொண்டு 24,000 ஆண்டுக் காலநிலையை வாசித்த ஆய்வு 2003 இல் வந்தது. இப்படியான வாசிப்புக்கு இன்றைய தாவரங்களின் மணிகள் ஒப்பிடக் கையில் இருக்கவேண்டும். எங்கட செம்மண்ணில் மகரந்தம் நெடுநாள் தங்காது. தொண்டைமானாற்றுச் சேற்றில் தங்கலாம். நாளைக்கு ஒருத்தி அந்தச் சேற்றைத் தோண்டி எடுத்தால், எதோடு ஒப்பிடுவாள்? உயர்தர வினாத்தாளுக்கு நாங்கள் கீறின படத்தோடயா?

சீவல்தொழில் செய்யிற ஐயா ஒருவரைக் கேளுங்கோ. எந்தப் பனை ஆண், எப்ப பாளை விரியும் என்று நுணுக்குக்காட்டி இல்லாமலே சொல்லுவார்.