பிள்ளைக் காம்பராவுக்கு எடைத் தராசு மட்டும் போதாது

தாய் மலைக்குக் கொழுந்து பறிக்கப் போகும்போது குழந்தையை ஆயாவிடம் விட்டுச் செல்லும் இடம் பிள்ளைக் காம்பரா. இப்போது பல தோட்டங்களில் அதற்கு ‘சிறுவர் அபிவிருத்தி நிலையம்’ என்று பெயர்ப்பலகை மாட்டியாயிற்று. கலஹா, தெல்தோட்டை, புசல்லாவ என்று கண்டி மாவட்டத்துத் தோட்டங்களில் பல குழந்தைகளின் பகல் பொழுது அங்கேதான் கழிகிறது.

அங்கே எல்லோர் கண்ணும் எடையின் மேல்தான். காரணம் இல்லாமல் இல்லை. 2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார மதிப்பாய்வின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரமில்லாதோர் நாடு முழுவதும் 17 சதவீதம், தோட்டப்புறத்தில் 32. திரிபோஷ சத்துமாவைக் கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் எடை குறைந்தால் உடனே கேள்வி எழுகிறது; பிள்ளை பேச்சடங்கி மூலையில் ஒதுங்கினால் ‘அடக்கமான பிள்ளை’ என்று பாராட்டு கிடைக்கிறது.

ஜமைக்காவின் கிங்ஸ்டன் நகரில் 1986-87இல் சாலி கிரந்தம்-மெக்ரெகர் குழுவினர் தொடங்கிய ஆய்வு இந்த இடத்துக்கு நேராகப் பொருந்துவது. வளர்ச்சி குன்றிய 129 குழந்தைகளில் சிலருக்குச் சத்துணவு, சிலருக்கு வாரம் ஒருமுறை வீட்டுக்கு வரும் சுகாதார ஊழியர் வீட்டுப் பொருட்களில் செய்த பொம்மைகளோடு தாய்க்கும் பிள்ளைக்கும் சொல்லிக்கொடுக்கும் விளையாட்டும் பேச்சும், சிலருக்கு இரண்டும், மற்றவர்களுக்கு எதுவுமில்லை. இரண்டு ஆண்டுகள்தான். சத்துணவின் பயன் நாளடைவில் மங்கியது. விளையாட்டின் பயன் தங்கியது: 17 வயதில் பதற்றமும் மனச்சோர்வும் குறைவு, 22 வயதில் அடிதடி குறைவு, சம்பாத்தியம் 25 சதவீதம் அதிகம். வீடு வீடாகப் போனவர்கள் உளவியல் நிபுணர்கள் அல்லர். பயிற்சி பெற்ற சாதாரண ஊழியர்கள்.

பிள்ளையோடு நாள்தோறும் இருக்கும் பெரியவர் யார் என்ற கேள்வி தோட்டத்துக்கு வெளியேயும் உண்டு. வெளிநாடு சென்றோரின் பிள்ளைகளை இலங்கையின் ஆறு மாவட்டங்களில் ஆராய்ந்து 2015இல் வெளியான ஆய்வு, ஐவரில் இருவருக்கு உளநலச் சிக்கல் இருப்பதைக் காட்டியது. அரசோ தாயின் பயணத்தைத்தான் பிடித்துக்கொண்டது: ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளையுள்ள பெண்கள் வீட்டுப் பணிக்குப் போக 2013இல் தடை போட்டது, டொலருக்குத் தட்டுப்பாடு வந்த 2022இல் அந்த வயதை இரண்டாகக் குறைத்தது. பிள்ளையை ஏந்தி நிற்கும் அம்மாயிக்கு என்ன துணை என்பது விவாதத்துக்கே வரவில்லை.

தோட்டத்தில் அந்தப் பெரியவர் இடையில் மாறிவிடுகிறார். அரசியலமைப்பின் 13ஆவது திருத்தத்தின்படி முன்பள்ளிகள் மாகாண சபையின் பொறுப்பு. மத்திய மாகாண நிர்வாகம் இயங்குவது பல்லேகலயில். பிள்ளைக் காம்பராவோ தோட்டக் கம்பனிகளிடமும் பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியத்திடமும் இருக்கிறது. ஒரே லயத்துப் பிள்ளை மூன்று வயதில் ஒரு நிர்வாகத்திலிருந்து இன்னொன்றுக்குப் போகிறது. அதன் பயத்தையும் பிடிவாதத்தையும் அறிந்த ஆயாவின் அனுபவம் அதோடு போவதில்லை.

இதைப் பல்லேகல சரிசெய்ய வேண்டும். ஆயாவுக்கும் முன்பள்ளி ஆசிரியைக்கும் தமிழில் ஒரே பயிற்சி, வாழப் போதிய மாதச் சம்பளம், பிள்ளை மாறும்போது இருவரும் உட்கார்ந்து பேச ஒரு நாள்: இவை பெரிய செலவல்ல. நான்கு வயதிலேயே கொப்பி நிறைய எழுத வைத்து ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசிலுக்கு அடித்தளம் போடும் முன்பள்ளிகளுக்கு அனுமதியைப் புதுப்பிக்கக் கூடாது. 2013இல் தெரிவான மாகாண சபையின் காலம் 2018இல் முடிந்த பிறகு மாகாணம் ஆளுநரின் கையில் இருக்கிறது. பயிற்சிக்கும் சம்பளத்துக்கும் தேர்தல் வரும் வரை காத்திருக்கத் தேவையில்லை.